அப்பாவின் முதுகில் சரக்குப் பிரிவு

பயணம் மனிதனை விசாலமாக்கும் என்று எங்கள் கல்லூரி ஆண்டு மலரில் வருடந்தோறும் யாராவது ஒருவர் எழுதிவிடுவார். கூடவே ஒரு மலையின் படம் இருக்கும். மலைக்கு முன்னால் கட்டுரையாளர் நிற்பதால் மலை பாதிதான் தெரியும். எனக்கும் அப்படி ஒன்று எழுத ஆசைதான். ஆனால் நான் போய்வந்த ஒரே நீண்ட பயணத்தில் மலை எதுவும் குறுக்கே வரவில்லை. அப்பாதான் வந்தார்.

அப்பா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். இப்படிச் சொன்னதும் கேட்பவர்கள் மிட்டாய் பாட்டிலையும் சிகரெட்டையும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுடையது நிஜமாகவே பெட்டிக்கடை. சக்கரம் வைத்தது, வைக்காதது, தோளில் மாட்டுவது, பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுவது என்று பயணப் பெட்டிகளாக அடுக்கியிருக்கும். கீழே கடை, மேலே வீடு. விற்பதைவிட ரிப்பேருக்கு வருவது அதிகம்.

அப்பாவுக்கு உலகத்தில் தெரியாத ஊரே கிடையாது. போன ஊரும் கிடையாது. ஊரே பயணம் கிளம்பும் மாதங்களில் எங்களுக்கு வியாபாரம். ஊர் வீட்டோடு இருக்கும் மாதங்களில் எங்கள் கையில் காசு இருக்காது. எனவே அவர் உடைந்து வரும் சக்கரங்களை வைத்தே உலகத்தைச் சுற்றிவந்தார். "அந்த ஊர்ல ரோடு பூரா கல்லு பதிச்சிருக்கும், ஜாக்கிரதை," என்பார் வாடிக்கையாளரிடம். "நீங்க போயிருக்கீங்களா?" என்று அவர்கள் கேட்டால், "சக்கரம் வந்திருக்கு," என்பார்.

கடையில் ஒரு நீலப் பெட்டி உண்டு. அதற்கு 'ஓட்டிப் பார்க்கிற பெட்டி' என்று பெயர். பழைய செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாக அதற்குள் அடைத்து வைத்திருப்போம். காலியாக இருந்தால் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் உருளும், சுமை ஏறிய பிறகுதான் அதன் குணம் தெரியும் என்பது அப்பாவின் கொள்கை. வருகிறவர்கள் அதைக் கடைக்குள்ளேயே இழுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்ப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் அதே ரகத்தில் புதிய பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுப்போம்.

அக்கா எங்களோடு இருந்தவரை புகார்ப் பிரிவு அவள் பொறுப்பு. விமானத்தில் வந்து உடைந்த பெட்டிகளுக்காக வாடிக்கையாளர் சார்பில் விமான நிலையத்துக்குப் போய்ச் சண்டை போடுவாள். அப்படி ஒருநாள் கைப்பிடி பிய்ந்த பெட்டியோடு போய், "இதை யார் தூக்கிப் போட்டது?" என்று கேட்டிருக்கிறாள். பனைமர உயரத்துக்கு ஒரு ஆள் முன்னால் வந்து, "நான்தாங்க போட்டேன்," என்றாராம். அந்தக் கேள்வி தோன்றிய நாளிலிருந்து அன்றுவரை யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை. அக்கா எழுதிவைத்த புகாரை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த வாரம் உடையாத ஒரு பெட்டியைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனாள்.

விஷயம் அப்பாவுக்குத் தெரிந்தபோது, "பெட்டியத் தூக்கிப் போடறவனுக்கா என் பொண்ணு?" என்றார்.

"அவங்க போட்டாத்தாம்ப்பா நமக்குச் சோறு," என்றேன் நான்.

அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அப்பா வந்தார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், திரும்பினார். அதோடு சரி. அத்தானுக்கு வேறொரு பெரிய விமான நிலையத்துக்கு மாற்றலாகி, இருவரும் தூர ஊருக்குக் குடிபோனார்கள். எப்போதாவது எங்கள் வீட்டுக்கு வந்தால், அத்தானிடம் சொல்ல வேண்டியதை அப்பா சுவரிடம் சொல்வார். "விசிறி வேகம் பத்தலைன்னா கூட்டி வெச்சுக்கலாம்," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போவார். அத்தான் எழுந்து சுவருக்கு நன்றி சொல்வதா, விசிறியைக் கூட்டுவதா என்று தெரியாமல் நிற்பார்.

இந்த வருடம் அக்கா அம்மாவிடம் போனில் கறாராகப் பேசிவிட்டாள்.

"மூணு பேரும் வாங்க. ஆனா அப்பா அவர்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசணும். என் வீட்ல உக்காந்துக்கிட்டும் செவுத்துகிட்டதான் பேசுவேன்னா, இதுதான் கடைசி. அப்புறம் நானும் அங்க வரமாட்டேன்."

அம்மா இதை ஒரு எழுத்துக் குறையாமல் அப்பாவிடம் சொன்னார். அப்பா ஒரு ஜிப்பை மேலும் கீழுமாக வெகுநேரம் இழுத்துக்கொண்டிருந்தார்.

"பேசறதப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அந்த ஊர் ரோடு எப்படியிருக்குன்னு ஒரு தடவை பாக்க வேண்டியிருக்கு. வியாபார விஷயம்."

வியாபார விஷயமாகக் கிளம்பினோம். அம்மாவுக்குச் சக்கரங்களில் நம்பிக்கை கிடையாது. தன் துணிகளைத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் கல்லூரிப் பை இருந்தது. அப்பா மட்டும் புத்தம்புதிய நீலப் பெட்டி ஒன்றை எடுத்து, அதில் தன் துணிகளை மடிப்புக் கலையாமல் அடுக்கிக் கடை வாசலில் தயாராக நிறுத்தினார். கடையைப் பார்த்துக்கொள்ள அம்மாவின் தம்பி வந்திருந்தார். எங்கே உட்கார்ந்தாலும் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார் என்பதால் அவரைக் கல்லா மாமா என்போம்.

ரயிலில் அப்பா ஒரு நிமிடமும் சும்மா இருக்கவில்லை. எதிர் இருக்கைக்காரரின் பையைப் பார்த்து, "இந்த ஜிப் திரும்பி வராதுங்க," என்றார். அவர் பயந்துபோய், தானே திரும்பி வரப்போவதில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் அப்பாவிடம் ஊர்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். எந்த ஊரில் ஏற்றம், எந்த ஊரில் மணல், எந்த ஊரில் படிக்கட்டுக்கு முடிவே கிடையாது என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஒரு பெரியவர் கைகொடுத்து, "உங்களை மாதிரி சுத்திப் பார்க்கணும்னா கொடுத்து வெச்சிருக்கணும்," என்றார். அப்பா மறுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தும், மனிதர் வெளியே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன்.

அந்த ஊரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் இரண்டு குடைகளோடு நடைமேடையில் நின்றார். ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார். இன்னொன்றை விரித்து அப்பாவின் தலைக்கு மேலே பிடித்தார். அப்பா ஓர் அடி நகர்ந்தார். குடையும் நகர்ந்தது. அப்பா மறுபடி நகர்ந்தார். இப்படியே நிலையத்தின் பாதி தூரம் போனார்கள்.

"எனக்கு மழையில நடந்தாத்தான் ஒடம்பு சரியாயிருக்கும்னு சொல்லு," என்றார் அப்பா என்னிடம்.

அத்தான் இரண்டடி தள்ளித்தான் நின்றார். இருந்தாலும் சொன்னேன். அவர் குடையை மடக்கிக்கொண்டார். பிறகு அவரும் நனைந்தபடி வந்தார். மடக்கிய குடை ஒன்றும் நனைந்த ஆண்கள் மூன்று பேருமாக வீடு போய்ச் சேர்ந்தோம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியது அத்தான்தான். "ரெண்டு நாளைக்கு மாமா நிறையக் கொண்டுவந்திருக்கார் போல," என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அதில் கேலி இல்லை, தொழில்முறைக் கணிப்பு.

அக்கா கதவைத் திறந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். அப்பாவைப் பார்த்து, "தொப்பலா நனைஞ்சிருக்கீங்களே. மொதல்ல துணி மாத்துங்க," என்றாள். அப்பா கூடத்தின் நடுவில் பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தார்.

செய்தித்தாள் கட்டுகள் அழகாக அடுக்கியிருந்தன. மேல்கட்டில், போன வருடத்து வானிலை அறிக்கை தெரிந்தது. வெயில் கடுமையாக இருக்கும் என்று போட்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் ஒருவர் வந்து பெட்டி பார்த்தது எனக்கு நினைவுக்கு வந்தது. வாசலில் தயாராக நின்ற நீலப் பெட்டியைத்தான் அப்பா இழுத்துக் காட்டினார். அவர் கனம் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். அப்பா பழக்க தோஷத்தில் அதைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கிற பெட்டியின் இடத்தில் நிறுத்தி விலைச்சீட்டையும் மாட்டிவிட்டார். அங்கிருந்ததைத் தன் பெட்டி என்று வாசலில் வைத்தார். பெட்டியைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒரு மனிதரால் மட்டுமே இப்படி ஒரு தவறைச் செய்ய முடியும். மற்றவர்கள் திறந்து பார்த்திருப்பார்கள்.

கல்லா மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, கடையில நீலப் பெட்டி ஒண்ணு இருக்கா? விலைச்சீட்டு தொங்கும்."

"இருந்துச்சுடா. வித்துட்டேன். காலையில கடை திறந்ததும் அதான் போணி. உங்கப்பா இத்தனை வருஷமா அதை நிக்கவெச்சு அழகு பாத்துக்கிட்டிருந்தாரு. நான் ஒரே பேச்சுல தள்ளிட்டேன்."

"உள்ள இருந்ததை எடுத்துட்டுத்தானே கொடுத்தீங்க?"

"உள்ள என்ன, பேப்பர்தான. கல்யாணப் பரிசுக்குன்னு கேட்டாருடா. பளபளன்னு தாள் சுத்தி, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். கனமா இருந்தாத்தான பரிசுக்கு மரியாதை. அதான் எடுக்கல. அப்பாகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவாரு."

நான் சொன்னேன். அப்பா சந்தோஷப்படவில்லை. எங்கோ ஒரு புதுமணத் தம்பதி உறவினர் சூழ ரிப்பனைப் பிரித்து, அப்பாவின் பனியன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும் காட்சி அந்தக் கூடத்தில் இருந்த எல்லோர் மனதிலும் ஓடியது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அங்கிருந்து இருமுவதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மழைக்குத் துணிக்கடைகளைச் சாத்திவிட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, திறக்க மாட்டார்கள். என் சட்டைக்குள் அப்பாவின் வயிறு நுழையாது. அத்தானின் சட்டைகள் எல்லாம் ஈரத்தோடு கொடியில் தொங்கின. அப்பா ஈரத்தோடு மர நாற்காலியில் உட்கார்ந்தார். "இதுவே காஞ்சிடும்," என்றார். அவருக்குக் கீழே சின்னதாக ஒரு குளம் தேங்கிக்கொண்டிருந்தது.

அத்தான் உள்ளே போனார். நன்றாக மடித்த ஒரு கால்சட்டையையும் டி-ஷர்ட்டையும் அப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருவதாக மழையில் இறங்கிவிட்டார். ரொட்டி வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

அப்பா தும்மினார். இரண்டாவது தும்மலுக்கு அக்கா ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். மூன்றாவது தும்மலில் அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். உள்ளே போய் விளக்கு ஸ்விட்ச் எது என்று தெரியாமல், கையை வெளியே நீட்டி ஒவ்வொன்றாகத் தட்டினார். வெந்நீர் ஹீட்டர் எரிந்தது, கூடத்தில் விசிறி சுற்றியது. சொந்த வீட்டில் அப்பா இருட்டிலும் எல்லாவற்றையும் தொட்டுவிடுவார். வெளியூரில் அப்பாக்கள் ஒரு சுற்றுச் சின்னவர்களாகிவிடுகிறார்கள். நான் போய் விளக்கைப் போட்டேன். "எனக்குத் தெரியும்," என்றார் உள்ளேயிருந்து.

வெளியே வந்தபோது கால்சட்டையை நாலு மடிப்பு மடித்துவிட்டிருந்தார். ஆரஞ்சு நிற டி-ஷர்ட் தொடைவரை இறங்கியிருந்தது. விமான நிலையத்தில் ஊழியர்களுக்கு வருடந்தோறும் கொடுப்பது அது. முன்பக்கம் ஒன்றுமில்லை. முதுகில் கொட்டை எழுத்தில் 'சரக்குப் பிரிவு' என்றிருந்தது.

அதன்பிறகு அப்பா சுவரோரமாகவே நடமாடினார். கூடத்திலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு நண்டு மாதிரி பக்கவாட்டில் வந்தார். மேஜையில் அத்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"உப்பு இந்தப் பக்கம் வந்தா நல்லாயிருக்கும்," என்றார் அப்பா உப்பைப் பார்த்து.

அத்தான் உப்பை நகர்த்தினார்.

"போதும்," என்றார் அப்பா உப்பிடம்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் அவள் பின்னால் அடுக்களைக்குப் போனேன். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை காலையில உங்களுக்கு வண்டி. நடுவுல நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

"அப்பா டி-ஷர்ட்டே போட்டுக்கிட்டார்க்கா. அது பாதிப் பேச்சு மாதிரிதான்."

"விளையாடாதடா. உங்க அத்தான் வாயத் திறந்து எதுவும் கேக்கமாட்டாரு. நீங்க வர்றீங்கன்னு சொன்னதுலேருந்து ஜன்னல் கம்பியெல்லாம் தொடச்சாரு. என்னன்னு கேட்டா, 'மாமா கடைக்காரர், தூசி கண்ணுல படும்'ங்கறாரு. அவரை நான் எத்தனை தடவை உப்பு மாதிரி உக்கார வெக்கிறது, சொல்லு."

எனக்குச் சட்டென்று வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை. துடைக்கும் துணியை எடுத்துப் பாத்திரத்தைத் துடைத்தேன்.

ஞாயிறு காலை அத்தான் வேலைக்குக் கிளம்பிப் போனார். மழை விடவில்லை. அப்பாவின் சட்டை காயவில்லை. அவர் ஜன்னல் ஓரம் நின்று, தூரத்தில் மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்த விமானங்களைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "பையன் ஏரோப்ளேன் பாக்கணும்னு ஆசைப்படறான்," என்றார்.

எனக்கு அப்படி ஓர் ஆசை இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"போறதுதான் போறீங்க, அவரு சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டாரு, குடுத்துடுங்க," என்று அக்கா ஒரு டப்பாவை என் கையில் திணித்தாள். அத்தான் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாரா, அக்கா மறைத்து வைத்தாளா என்பது பற்றி எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

என்னுடைய மழைக்கோட்டை டி-ஷர்ட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு அப்பா வந்தார். விமான நிலையத்தில் வருகைக் கூடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பல்லை மட்டும் பார்த்த பல் டாக்டர் முதல்முறையாக முழு மனிதர்களைப் பார்ப்பதுபோல இருந்தது அவர் நின்றது. எல்லாப் பக்கமிருந்தும் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான சக்கரங்கள் ஒரே நேரத்தில் தரையில் உருளும் சத்தம். அவற்றுக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். யாரோ யாரையோ பார்த்துக் கையசைத்தார்கள். ஒரு பெண், தன் பெட்டியை நடுவழியில் அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அப்பா கேட்பாரற்று நின்ற அந்தப் பெட்டியைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அந்த இருவரையும் பார்த்தார். சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவருடைய பயணம் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

கூடத்துக்குள் புழுக்கம். அப்பா மழைக்கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

'சேதமடைந்த பெட்டிகள்' என்று எழுதிய கவுன்ட்டரில் ஒரு பெண் இருந்தார். யாரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னேன். "அந்த உயரமானவரா? இருங்க, கூட்டிட்டு வர்றேன்," என்று எழுந்து உள்ளே போனார். அப்பா கவுன்ட்டரை ஒட்டி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அங்கே சுவர் இல்லை.

டை கட்டிய ஒருவர் ஒரு பழுப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு, இல்லை, சுமந்துகொண்டு வந்தார். ஒரு பக்கச் சக்கரம் கூட்டோடு பிளந்து தொங்கியது. வந்தவர் அப்பாவின் முதுகைப் படித்தார்.

"யோவ், இங்க பாரு. உங்க ஆளுங்க என் பெட்டிய என்ன பண்ணியிருக்காங்கன்னு பாரு."

அப்பா திரும்பினார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய கண் சக்கரத்துக்குப் போய்விட்டது. உடனே குந்தி உட்கார்ந்து பெட்டியைக் கவிழ்த்தார்.

"இது நீங்க படிக்கட்டுல இழுத்ததுங்க."

"நான் படிக்கட்டுப் பக்கமே போகல. வீட்டு வாசல்லேருந்து கார்ல வந்தேன். உங்காளுங்கதான் தூக்கி எறிஞ்சிருக்காங்க. எறியத்தானே உங்களுக்கெல்லாம் சம்பளம்."

"பாத்துப் பேசுங்க."

"என்னத்த பாத்துப் பேசறது? பொறுப்பில்லாத பசங்க."

இந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. எங்கள் கடையில் வாரத்துக்கு நாலுமுறை ஒலிக்கும். சொல்வது அப்பாதான். ஆனால் அன்று அவர் முட்டியில் கையூன்றி எழுந்தார். என் அப்பா குள்ளம். அந்த டி-ஷர்ட்டில் இன்னும் குள்ளம்.

"எங்க பசங்களைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்? மழையில நனைஞ்சுக்கிட்டு வேலை செய்யறாங்க. ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி தூக்கறாங்க தெரியுமா? தூக்கற ஒடம்பு என்ன இரும்பா? நீங்க வீட்டுச் சாமான் மொத்தத்தையும் ஒரே பெட்டியில அமுக்கி, மேல ஏறி உக்காந்து பூட்டுவீங்க. அது பிஞ்சா அவங்க எறிஞ்சாங்கன்னு வந்து நிப்பீங்க. எங்க வீட்டு மாப்பிள்ளை இங்கதான் வேலை செய்யறாரு. குடையை அடுத்தவங்களுக்குப் பிடிச்சிட்டுத் தான் நனையற ஆளு. அவரா எறிவாரு?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. டை கட்டியவர் இரண்டடி பின்வாங்கினார். நான் மழைக்கோட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் பிடித்துக்கொண்டு, எதிர்க்கட்சியிலிருந்து திடீரென்று ஆளுங்கட்சிக்கு வந்துவிட்டவனைப்போல நின்றேன். அப்பா நிறுத்துவதாகத் தெரியவில்லை. பெட்டியின் பிளவைக் காட்டி, அது கீழே விழுந்து வந்த பிளவாக இருக்கவே முடியாது என்று ஐந்து காரணங்கள் சொன்னார். அவ்வளவும் கேட்கிறவர்களை நம்பவைக்கும் காரணங்கள். டை கட்டியவரே தன் வீட்டுப் படிக்கட்டை யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது கவுன்ட்டர் பெண்ணுக்குப் பின்னால் அத்தான் வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குனிந்து பெட்டியைப் பார்த்தார்.

"பழுப்புப் பெட்டி. ஆமாங்க, இது என் கையிலேருந்துதான் நழுவுச்சு," என்றார். "வண்டியில ஏத்தும்போது ஈரத்துல வழுக்கிடுச்சு. மன்னிச்சுக்குங்க. புகார் எழுதிக் குடுங்க, நான்தான் போட்டேன்னு நானே எழுதித் தர்றேன். புதுசு கிடைக்கும்."

டை கட்டியவர் சண்டைக்கு ஆள் கிடைக்காமல், "அதுக்கில்ல தம்பி, பரவாயில்ல," என்று முனகினார். கவுன்ட்டர் பெண் ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

அப்பாவின் கை இன்னும் ஐந்தாவது காரணத்தைக் காட்டியபடி அந்தரத்தில் நின்றது. முகம் சிவந்தது. அவர் சுவரைத் தேடினார் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கூடத்தில் பக்கத்தில் எங்குமே சுவர் இல்லை. கண்ணாடிதான், அதுவும் தூரத்தில். வேறு வழியில்லாமல் தலையை நிமிர்த்தி, அண்ணாந்து, நேராக அத்தானின் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?"

அத்தான் அசையாமல் நின்றார்.

"நான் ஒருத்தன் இங்க தொண்டத்தண்ணி வத்தப் பேசிக்கிட்டிருக்கேன். அந்தாளு நம்புற நேரம் பாத்து, நீ பாட்டுக்கு வந்து 'நான்தான் போட்டேன்'ங்கற?"

"போட்டது நான்தானே மாமா."

"போட்டா? போட்டா ஒடனே சொல்லிடறதா?"

"வேற யாரு போட்டாங்கன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. வாய மூடிக்கிட்டு நில்லு. நான் எதுக்கு இருக்கேன்? இதனால உனக்கு வேலையில ஏதாவது சொல்வாங்களா?"

"கூப்பிட்டுத் திட்டுவாங்க மாமா."

"திட்டட்டும். நல்லா திட்டட்டும். ஈரக் கையோட கைப்பிடியப் பிடிச்சா வழுக்காம என்ன பண்ணும்? அடியில கைகொடுத்துத் தூக்கணும்னு தெரியாதா? இத்தனை ஒசரம் வளந்திருக்கியே, குனிய வேண்டாமா? சாப்ட்டியா?"

"இல்ல மாமா."

"சாப்பிடாம தூக்கினா நழுவத்தான் செய்யும். டேய், அந்த டப்பாவ எதுக்குடா பொம்மை மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கிற? குடுடா அவருக்கு."

கொடுத்தேன். அத்தான் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப்பார்த்தது. அதை வரவிடாமல் கீழுதட்டைக் கடித்தார். அதுவும் அப்பாவின் கண்ணில் பட்டுவிட்டது.

"சிரிப்பு வேற."

அங்கேயே ஒரு பெஞ்சில் அத்தானை உட்காரவைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா எதிரே நின்று திட்டினார். அத்தானின் வேலை நேரம் முடியும்வரை காத்திருந்து, மூவருமாக வீட்டுக்குப் பேருந்து ஏறினோம். அவர்கள் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பியதும் அக்கா போன் செய்தாள்.

"என்னடா, இவ்வளவு நேரம்? அப்பா எங்க?"

"முன் சீட்ல. அத்தான் பக்கத்துல."

அவள் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"பேசினாரா?" என்றாள் பிறகு. குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"திட்டினாருக்கா."

"யாரை?"

"அத்தானை."

"செவுத்தப் பாத்தா?"

"மூஞ்சியப் பாத்து. கூட்டத்துக்கு நடுவுல. இன்னும் முடிக்கல."

நான் போனை முன் இருக்கையின் முதுகுப்பக்கம் நீட்டினேன். "குனியறதுன்னா முதுகை வளைக்கறதில்லப்பா, முட்டியை மடக்கறது," என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "பெட்டிக்குப் பெட்டி தூக்கற விதம் வேற. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? ஒருத்தனும் சொல்லியிருக்கமாட்டான். இந்த வயசுல முதுகு போச்சுன்னா என் பொண்ணுதான கஷ்டப்படணும்?" அத்தான் இடையிடையே "சரி மாமா," என்றார். ஒருமுறை, "அப்படித் தூக்கினா நேரமாகும் மாமா," என்று எதிர்த்தும் பார்த்தார். அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போனைக் காதுக்குக் கொண்டுவந்தேன்.

"கேட்டுச்சாக்கா? வெச்சிடவா?"

"வெக்காத," என்றாள். "அப்படியே பிடி. அம்மாவைக் கூப்பிடறேன்."

மறுமுனையில் அவள் ஓடும் சத்தமும், ஒரு நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டன. வீடு வந்து சேர இன்னும் நிறைய நிறுத்தங்கள் இருந்தன. மழையில் வண்டி ஊர்ந்தது. அப்பா இப்போது கைப்பிடிகளில் எத்தனை வகை என்று ஆரம்பித்திருந்தார். நான் கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது. அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.